அதிக மாசத்தில் பிறந்தவர்கள்

கட்சி அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் பன்னிரண்டு மாதங்கள் இருந்தன. நான்கு ஆண்கள் இருந்தார்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பிறந்தவர்கள் முதலாமவருக்கு ஓட்டுப் போட வேண்டும். அடுத்த மூன்று மாதக்காரர்கள் இரண்டாமவருக்கு. இப்படியே டிசம்பர் வரை. கட்சியின் ஓட்டெல்லாம் ஒரே ஆள் தலையில் கொட்டி வீணாகாமல் நால்வருக்கும் சமமாகப் பிரியட்டும் என்று எங்கள் பக்கத்தில் செய்கிற ஏற்பாடு இது. மாமியாரும் மருமகளும் வருடக்கணக்காகப் பேசாத வீட்டில்கூட, தேர்தல் வாரத்தில் மட்டும் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிறந்த மாதத்தை ஒப்பிப்பார்கள்.

கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் காவ் பி-ஷியா. பிரசுரத்தின் அடியில் தபால்தலை அளவுக்கு அவள் படம் இருந்தது. மாதம் இல்லை.

"என் மாசம் எங்க?" என்று கேட்டாள்.

மாவட்டச் செயலாளர் சூ தியென்-ஃபா பல்குத்தும் குச்சியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். பதவியேற்ற நாளிலிருந்து அந்தக் குச்சி அவர் வாயில் இருக்கிறது. அதை எடுத்தால் தாடை கழன்று விழுந்துவிடும் என்று ஊர் முழுக்க நான் சொல்லி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் நம்புகிறார்கள்.

"உனக்கு எதுக்கும்மா மாசம்? உனக்குத்தான் சட்டமே ஒரு சீட்டு எடுத்து வச்சிருக்கே! நீ பாட்டுக்கு நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு சிரிச்சிக்கிட்டே இரு. போதும்."

சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆளுக்கு ஒரே ஓட்டு; அதிகம் வாங்கிய முதல் ஏழு பேர் எங்கள் மாவட்டத்திலிருந்து தைபே நாடாளுமன்றத்துக்குப் போகலாம். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எண்ணி முடித்ததும் முதல் ஏழு பேரும் ஆண்களாக இருந்தால், பெண் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவள் எந்த மூலையில் கிடந்தாலும் மேலே வந்துவிடுவாள். ஏழாவது ஆண் வீட்டுக்குப் போவான். சூவின் கணக்கு சுலபமானது. பி-ஷியாவுக்கு எப்படியும் ஒரு சீட்டு உண்டு. பிறகு அவளுக்கு ஓட்டுப் போடுவானேன்? உள்ளதை நான்கு ஆண்களுக்கும் பங்கிட்டால் ஐந்து சீட்டும் நமக்கு.

பி-ஷியாவைத் தேர்ந்தெடுத்ததும் அதே சிக்கனத்தில்தான். விவாகரத்தானவள். பதவி கேட்டு நச்சரிக்கப் புருஷன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. தையல் மெஷினை மிதித்து மிதித்து ஒரு பால்கெண்டை மீன்குளம் வாங்கியிருந்தாள், தன் பேரிலேயே. பிரிந்தபோது குளம் புருஷனோடு போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பேரில் வாங்கியதும் கணவனுடையதே என்பது பழைய சட்டம்; பத்து வருடத்துக்கு முன் அது மாறியபோதும், மாறுவதற்கு முன்னால் வாங்கியவற்றுக்குப் புதிய சட்டம் பொருந்தாது என்று வைத்துவிட்டார்கள். அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் அவள் தைபே போக நினைத்தாள். கட்சிக்கு அது தெரியாது. கட்சி அவளை எதுவும் கேட்கவில்லை.

நான் ஹோ சியூ-குவெய். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் ரயில் வருவதைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். என் குரலைக் கேட்டால் வழியனுப்ப வந்தவனும் ஏறிவிடுவான். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை அப்படித்தான் காவ்ஷியுங் போய்ச் சேர்ந்து, அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். நான் வேலையை விட்ட மறுநாள் என் கணவர், "இந்தக் குரலுக்கு நம்ம வீடு பத்தாது" என்று சொல்லி, என்னைப் பி-ஷியாவின் பிரச்சார வண்டியில் ஏற்றிவிட்டார்.

எனக்குச் சூவின் கணக்கில் ஒரு ஓட்டை தெரிந்தது. போட்டியில் இன்னொரு பெண்ணும் இருந்தார்: சுயேச்சையாக நின்ற தூ மெய்-ஜின் டீச்சர்.

"செயலாளரே, மெய்-ஜின் டீச்சர் சொந்த ஓட்டுலயே முதல் ஏழுக்குள்ள வந்துட்டா என்ன ஆகும்? ஒரு பொண்ணு வந்தாச்சுன்னு சட்டம் படுத்துத் தூங்கிடும். அப்புறம் பி-ஷியாவுக்குப் பாதுகாப்பு ஏது? சட்டமும் இல்லாம, ஓட்டும் இல்லாம, நடுத்தெருவுல நிப்பா."

அலுவலகம் சிரித்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் மேசை முழுக்க ஊற்றினார். எங்கள் கட்சி வேட்பாளர்களில் நான்காமவரான ஷி ஜின்-ட்சாய், மீன்குளங்களும் பெரிய வயிறும் உள்ளவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"குவெய் அக்கா, பொம்பள ஒருத்தி சொந்த ஓட்டுல ஜெயிப்பாளா? ஜெயிக்க மாட்டாங்கன்னுதானே அந்தச் சட்டமே போட்டிருக்கு!"

"அதுவும் மெய்-ஜின் டீச்சரா?" என்றார் சூ. "இந்த மாவட்டத்துல பாதிப் பேரு அந்தம்மா கையால பிரம்படி வாங்கினவன். எவன் போடுவான்?"

"நீங்க?"

"நானும்தான் வாங்கியிருக்கேன்" என்றவர் தன்னையறியாமல் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, மெய்-ஜின் டீச்சர் ஜெயித்துவிட்டார் என்று.

வெளியே வந்ததும் பி-ஷியா வண்டிப் படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பேசாம சூ சொல்றதையே கேட்டுட்டா? சீட்டு எப்படி வந்தா என்ன? உள்ள போய் அந்த வரிய மாத்தினாப் போதாதா?"

"போதும்தான். வந்தாத்தானே!"

"வராதுன்னு சொல்றீங்க."

"டீச்சர் வந்துட்டாங்கன்னா வராது. சொந்த ஓட்டு வேணும்டி உனக்கு."

"எவன் போடுவான்? கட்சிக்காரன் வீட்டுல ஆளுக்கு ஒரு மாசம் குடுத்தாச்சு. எனக்குன்னு பொறந்தவங்களே இந்த மாவட்டத்துல கெடையாது."

கெட்டிக்காரியாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ரயில்களைப் பற்றித் தவிர வேறு எதற்கும் என் வாய் முன்கூட்டியே தயாராக இருந்ததில்லை.

பதில் மறுநாள் காலை மீன் சந்தையில் கிடைத்தது. சிப்பி உரிக்கிற ஒரு மூதாட்டி எங்கள் வண்டியை மறித்தாள். கையில் கத்தி.

"ஏய், மைக்குக்காரி! இந்தத் தாளு இங்கிலீஷ் மாசமா, நம்ம சந்திர மாசமா?"

"எதுக்குக் கேக்குறீங்க பெரியம்மா?"

"நான் அதிக மாசத்துல பொறந்தவடி. எங்கம்மா சாகற வரைக்கும் திட்டுவா, இந்தச் சனியன் இல்லாத மாசத்துல வந்து பொறந்துச்சுன்னு. இந்தத் தாளுல என் மாசம் இல்லியே. நான் ஓட்டுப் போடணுமா வேணாமா?"

அந்த வருடம் எங்கள் சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் இரண்டு தடவை வந்திருந்தது; இரண்டாவதாக வருவதுதான் அதிக மாதம். அதிக மாதம் வந்தால் கல்யாணமான பெண்கள் பெற்றோருக்குப் பன்றிக்கால் சேமியா செய்து கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோரின் ஆயுளுக்கு நல்லதில்லை. ஆகவே இலையுதிர் காலம் முழுக்க மாவட்டத்தில் ஒரு பன்றியும் நிம்மதியாக நிற்கவில்லை. யார் வாயைத் திறந்தாலும் அதிக மாசம்தான். அப்படியிருக்க என் கையில் மைக் இருந்தது, எதிரே கத்தியோடு ஒரு கேள்வி இருந்தது. நான் என்ன செய்வேன்?

"பயணிகள் கவனத்திற்கு!" என்றேன். பழக்கதோஷம். சந்தையில் இருவர் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். "ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த அன்பர்களுக்குக் கட்சி ஆள் ஒதுக்கிவிட்டது! அதிக மாசத்தில் பிறந்து, யாரும் சீந்தாமல் நிற்கிறவர்களுக்கு மட்டும், ஒன்பதாம் எண், காவ் பி-ஷியா!"

ஒரு நண்டுக்காரி கையை உயர்த்தினாள்.

"நானும் அதிக மாசம்தான்!"

"நீ வருஷா வருஷம் ஏப்ரல்ல பொறந்தநாளுக்கு வெட்டற கேக்க நான் தின்னுருக்கேன்டி!" என்று பக்கத்துக் கடைக்காரி கத்தினாள். உடனே குரலைத் தாழ்த்தி, "நானும்தான்" என்றாள்.

சிரிப்பு அடங்கும் முன் பி-ஷியா மைக்கை என்னிடமிருந்து பிடுங்கினாள். கோபத்தில் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"அக்காங்களே, உங்கள்ல யாரு பேருல குளம் இருக்கு? யாரு பேருல வீடு இருக்கு?" என்று கேட்டாள். "இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. நானும் நெனச்சேன். பத்து வருஷத்துக்கு முன்னால வாங்கினதா இருந்தா பேரு மட்டும்தான் உங்களோடது. நாளைக்கு வீட்டுக்காரரு வித்தா வித்ததுதான். என் குளத்துல இப்ப யாரோ தீவனம் போடறான். நான் தச்ச சட்டையெல்லாம் அந்தத் தண்ணிக்குள்ள கெடக்கு."

சிப்பிக் கத்தி அசையாமல் நின்றது. பேச்சு அவ்வளவுதான். பி-ஷியாவுக்கு நீளமாகப் பேச வராது. ஆனால் அன்று கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்த்தார்கள். அதன்பின் நாங்கள் எங்கே போனாலும் இப்படியே நடந்தது. முதலில் என் அறிவிப்பு, அதற்குச் சிரிப்பு, பிறகு அவளுடைய குளம். சிரிப்பதற்காகக் கூடியவர்கள் கலையாமல் அதையும் கேட்டார்கள்.

கோயில் முற்றத்துக் கூட்டத்தில் ஷி ஜின்-ட்சாயின் மனைவி யூ-லியெனைப் பார்த்தேன். கணவன் படம் போட்ட காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்களைக் கூடை நிறைய வைத்துக்கொண்டு, கூட்டத்தில் விநியோகிக்க வந்திருந்தாள். பி-ஷியா பேசத் தொடங்கியதும் அவள் கை கூடைக்குள் போனது; திரும்பி வரவில்லை.

வாரம் முடிவதற்குள் மாவட்டத்தில் அதிக மாசத்தில் பிறந்தவர்கள் பெருகிப் போனார்கள். மருத்துவமனைகள் எல்லாம் மற்ற மாதங்களில் பூட்டிக் கிடந்திருக்க வேண்டும். பேருந்தில் நடத்துநர் அதிக மாசம், பள்ளிக்கூடக் காவலாளி அதிக மாசம், இரட்டைப் பிறவிகளில் மூத்தவன் பிப்ரவரி, இளையவன் அதிக மாசம்.

சூ என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். குச்சி வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"குவெய் அக்கா, இது கட்சிக்கு துரோகம்!"

"தாளுல இருக்கற பன்னெண்டு மாசத்துல ஒண்ணையாச்சும் தொட்டேனா? அனாதையா நின்ன மாசத்துக்கு ஒரு வீடு காட்டினேன்."

"அவளுக்குத்தான் பாதுகாப்பு இருக்கே! ஓட்ட அவ வாங்கினா இங்க ஒரு ஆம்பள கவுந்துடுவான்!"

"என் ஓட்டுல ஒண்ணு கூடக் கொறையாது" என்றார் அங்கே சாய்ந்திருந்த ஷி. "அக்டோபர்லருந்து டிசம்பர். எம் பொண்டாட்டியே நவம்பர்காரி. எனக்காகவே அளவெடுத்துப் பொறந்தவ."

தேர்தல் நாள் மாலை நான்கு மணிக்கு வாக்குச்சாவடிக் கதவை மூடி, அதே இடத்தில் எண்ணத் தொடங்கினார்கள். எங்கள் சாவடி தொடக்கப் பள்ளி. ஒருவர் சீட்டை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி எண்ணைக் கூவ, இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடுவார். ஐந்து கோடு சேர்ந்தால் சீன எழுத்து ஒன்று; ஐந்து ஓட்டு. ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்று பார்க்கும்.

"ரெண்டு, ஒரு ஓட்டு!" மெய்-ஜின் டீச்சர். "ரெண்டு, ஒரு ஓட்டு!" மறுபடியும் டீச்சர். "ரெண்டு!" கோடு போடுகிற இளைஞன் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து நின்று போட்டான்; அவனும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான்.

ஏழு மணிக்கெல்லாம் வானொலி சொல்லிவிட்டது: தூ மெய்-ஜின் மூன்றாவது இடம். கட்சி அலுவலகத்தில் முதல்முறையாக அந்தக் குச்சி தரையில் விழுந்தது. தாடை விழவில்லை; அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

"அப்ப பாதுகாப்பு?" என்றார் சூ, யாரையும் பார்க்காமல்.

"தூங்கப் போயிடுச்சு செயலாளரே."

பி-ஷியா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கிராமச் சாவடிகளும் முடியவில்லை. அவள் எட்டாவது, ஏழாவதாக இருந்தவர் ஷி ஜின்-ட்சாய். இனி எந்தச் சட்டமும் அவளைத் தூக்கிவிடப் போவதில்லை. கடலோரச் சாவடிகள், சிப்பிக்காரிகள் இருக்கிற ஊர்கள், அவை மட்டும் பாக்கி. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, போச்சுன்னா யாரையும் திட்டாதீங்க" என்றாள்.

"திட்டாம வேற எதுக்குடி எனக்குக் குரலக் குடுத்திருக்கு?"

தொலைபேசி அடித்தது. எடுத்த பெண் எண்களைத் தாளில் எழுதினாள், திரும்பக் கூட்டினாள், அப்புறம் தாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து பி-ஷியாவைக் கட்டிக்கொண்டாள். கடலோரம் முழுக்க அதிக மாசம். ஏழாவது காவ் பி-ஷியா. எட்டாவது ஷி ஜின்-ட்சாய்.

நான் அலுவலக மைக்கைப் பிடித்து ஏதோ அறிவித்தேன். என்ன என்று நினைவில்லை. "பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் விலகி நிற்கவும்" என்று சொன்னதாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் நன்றி சொல்லும் ஊர்வலம். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் வண்டியில் நின்று ஊர் ஊராகக் குனிந்து வணங்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். 'பாதுகாப்பே இல்லாமல் ஜெயித்தவள்!' என்று முழங்குவதாகத் திட்டமிட்டிருந்தேன். பாதி வழியில் பி-ஷியா அதை வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டால் உதட்டைப் பிதுக்கினாள்.

குளங்களுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய கரைப்பாதை. பாதிக்கு மேல் போன பிறகு எதிரே இன்னொரு வண்டி வந்து மூக்கோடு மூக்கு நின்றது. அதன்மேல் தோளில் பெயர் எழுதிய துணிப்பட்டையணிந்து நின்றவர் ஷி ஜின்-ட்சாய். ஓட்டுவது யூ-லியென். தோற்ற மறுநாளே ஓட்டுநர் வரவில்லையாம்.

"பின்னால எடு!" என்றார் ஷி, மைக்கில். மூன்று கிராமத்துக்குக் கேட்டிருக்கும். "பாதுகாப்பு சீட்டுக்காரம்மா! ஆம்பளையோட எடத்தப் புடுங்கிக்கிட்டுப் போற நீதான் பின்னால எடுக்கணும்!"

இருபுறத்துக் குளங்களிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பி-ஷியா மைக்கை வாங்கினாள்.

"அண்ணே, இந்தத் தடவ அந்தச் சட்டத்த யாரும் தொடவே இல்ல. டீச்சர் மூணாவது வந்தப்பவே அது வேலை முடிஞ்சு போச்சு. அப்புறம் நான் ஏழாவது, நீங்க எட்டாவது. பள்ளிக்கூடத்துப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

"அப்ப அந்தச் சட்டமே வேணாம்னு சொல்லு, பாப்போம்! உன் வாயாலயே சொல்லு!"

அவள் விலாவில் இடிக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. சொல்லடி, சொல்லிவிடு, எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லணும்?" என்றாள் பி-ஷியா. "அந்தச் சட்டம் இல்லன்னா நம்ம கட்சி என்னைய நிறுத்தியிருக்குமா? தபால்தல அளவுக்காச்சும் என் படத்தப் போட்டிருக்குமா? அதப் புடிச்சிக்கிட்டுத்தான் வாசப்படி ஏறினேன். ஓட்டு வேணும்னு ஆசப்பட்டேன், கெடச்சுது. கெடைக்காம அந்தச் சீட்டு கெடச்சிருந்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டுத்தான் போயிருப்பேன். எனக்கு அங்க ஒரு வேலை இருக்கு அண்ணே."

எனக்கு அது அப்போது ஏமாற்றமாகத்தான் இருந்தது. மைக்கில் முழங்க அதில் ஒரு வரி கூட இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், சொந்த ஓட்டில் ஜெயித்த பிறகும் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தோன்றியது.

ஷி மைக்கைக் கையால் தட்டினார். அது வேலை செய்தது. "எந்த முட்டாளுங்கடா இவளுக்குப் போட்டது?" என்று குளங்களைப் பார்த்துக் கேட்டார். குளங்களில் நின்றவர்கள் மீன்களைப் பார்த்தார்கள்.

அப்போது கீழே கியர் விழுகிற சத்தம் கேட்டது. யூ-லியென் யாரிடமும் கேட்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஷி தள்ளாடி, கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பட்டை தோளிலிருந்து நழுவி வயிற்றில் தொங்கியது.

"ஏய்! என்னடி பண்றே? நிறுத்து!"

"கரை நம்மளுது. எங்க பின்னால எடுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள் ஜன்னல் வழியாக. இடப்பக்கத்துக் குளம் பத்திரத்தில் யூ-லியென் பேரில் இருப்பது ஊருக்கே தெரியும். எந்த வருடம் வாங்கியது என்பதும் தெரியும்.

அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டினாள். எங்கள் வண்டி மெதுவாக அவளைக் கடந்தபோது நான் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தேன்.

"யூ-லியென், நீ எந்த மாசம் பொறந்தவ?"

அவள் மேலே ஒரு பார்வை பார்த்தாள். கணவர் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எந்தப் பஞ்சாங்கப்படி கேக்குறீங்க அக்கா?" என்றாள்.